கொய்யாப்பழத்தில் இருந்த சிவப்பு

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, திண்ணையில் உட்கார்ந்து கொய்யாப்பழத்தை நறுக்காமல் கடித்துத் தின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த மகள் எட்டிப் பார்த்து, "இது சிவப்புக் கொய்யாவா அம்மா?" என்று கேட்டாள். அது வெள்ளைக் கொய்யா. கடித்த இடத்தில் என் முன்பற்களின் வரிசை அப்படியே ரத்தமாகப் பதிந்திருந்தது.

அவளுக்குப் பதில் சொல்லாமல் எழுந்து போய் வாய் கொப்பளித்தேன். எனக்கு அது புதிதல்ல. நான்கு ஆண்டுகளாகக் காலையில் பல் துலக்கித் துப்பும்போது தண்ணீர் இளஞ்சிவப்பாகப் போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. கோடையில் உடம்புச் சூடு. மற்ற நாட்களில் பிரஷ் முரடு. கரூரில் இருக்கும் என் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "சூடுதான். எண்ணெய் தேய்த்துக் குளி, இளநீர் குடி" என்றார். குடித்தேன். இதற்கு நடுவில் எனக்கே தெரியாமல் ஒரு பழக்கம் வந்துவிட்டது: ரத்தம் வரும் இடத்தில் பிரஷை மெதுவாக எடுத்துச் செல்வது, பிறகு அந்த இடத்தைத் தொடாமலே விட்டுவிடுவது. ஈறு நோய்க்கு இதைவிடப் பெரிய உபகாரம் செய்ய முடியாது என்று பின்னால்தான் தெரிந்தது.

அம்மாவின் பல்லைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. அம்மாவுக்குச் சொத்தைப் பல் ஒன்றுகூட இருந்ததில்லை. வெள்ளையான, வரிசையான பற்கள். அவை 38 வயதில் ஆடத் தொடங்கின. கீழ் முன்பல் ஒன்று சோறு சாப்பிடும்போது கையோடு வந்துவிட்டது. அடுத்த 13 ஆண்டுகளில் ஒவ்வொன்றாக எல்லாம் போயின. "எகிறு கரைகிறது" என்று அம்மா சொல்வார். எங்கள் பக்கம் ஈறை எகிறு என்றுதான் சொல்வார்கள். 51 வயதில் முழுப் பல்செட் வைத்துக்கொண்டார். அப்பாவோ அதே வீட்டில், அதே பற்பொடியை விரலால் தேய்த்து, அதே கிணற்றுத் தண்ணீரில் கொப்பளித்தவர். 79 வயதில் இறக்கும் வரை முறுக்கைக் கடித்துத் தின்றார். இந்த வேறுபாட்டைக் குடும்பத்தில் யாரும் கேள்வியாகக் கேட்டதே இல்லை. அப்பாவுக்கு நல்ல உடம்பு, அம்மாவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நான் பல் மருத்துவரிடமே போகாதவள் அல்ல. ஆண்டுக்கு ஒரு முறை வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு மருத்துவமனையில் ஸ்கேலிங், அதாவது பல்லில் படிந்ததைச் சுரண்டி எடுக்கும் சுத்தம், செய்துகொள்வேன். 20 நிமிட வேலை. முடித்ததும் "நன்றாக இருக்கிறது, இனி அடுத்த ஆண்டு வாருங்கள்" என்பார்கள். ரத்தம் வருவதைச் சொன்னபோது ஒரு வாய் கொப்பளிக்கும் மருந்து எழுதிக்கொடுத்தார்கள். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட யாரும் என் ஈறை அளந்ததில்லை. ஈறு அளக்கப்பட வேண்டிய ஒன்று என்பதே எனக்குத் தெரியாது. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததும் அந்த அறியாமைதான்.

ஈறுக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல் துலக்கிய சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் நுண்ணுயிரிகள் மெல்லிய படலமாகப் படியத் தொடங்குகின்றன. நகத்தால் சுரண்டினால் வெண்மையாக வரும் அந்த ஊத்தைதான் அது. அதைத் தினமும் அகற்றாவிட்டால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கிச் சில நாட்களிலேயே கல்லாக இறுகும். அதுதான் காரை. காரையை எந்த பிரஷாலும் எடுக்க முடியாது. அதன் சொரசொரப்பான முதுகில் புதிய ஊத்தை இன்னும் எளிதாகத் தங்குகிறது. ஈறு இந்தக் கிருமிகளை எதிர்த்து வீங்குகிறது, சிவக்கிறது, தொட்டால் ரத்தம் கசிகிறது. இந்தக் கட்டம் வரை எல்லாவற்றையும் திருப்பிவிடலாம். 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் 12 பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் எல்லோருக்கும் சரியாகிவிட்டது. ஊத்தைதான் காரணம் என்பதை ஐயமின்றிக் காட்டிய சோதனை அது. உடம்புச் சூட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

அடுத்த கட்டம் வேறு. அழற்சி ஆழமாக இறங்கும்போது பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான பிடிப்பு விடுகிறது. அங்கே ஒரு பை போன்ற இடைவெளி உண்டாகிறது. அதற்குள் காரை கருப்பாகப் படிகிறது. பல்லைத் தாங்கும் தாடை எலும்பு மெல்ல மெல்லக் கரைகிறது. கரூரில் அமராவதிக் கரையோர மரங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரம் பசுமையாகத்தான் நிற்கும், கிளையில் காய் இருக்கும். அடியில் மண் அரித்து வேர் வெளியே தெரியும். இந்தக் கட்டத்தில் போன எலும்பு பெரும்பாலும் போனதுதான். சிகிச்சையால் முடிவது மேலும் போகாமல் நிறுத்துவதே.

ஏன் வலிப்பதில்லை? சொத்தைப் பல்லில் அழற்சி பல்லின் கெட்டியான சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அழுத்தம் ஏறி உயிர் போகிறது. ஈறுப் பையின் வாய் திறந்தே இருப்பதால் சீழும் கழிவும் கசிந்து வெளியேறிவிடுகின்றன. அந்த வாய் எப்போதாவது அடைபட்டால்தான் கட்டி வைத்து வலிக்கும். அதுவரை ஓர் ஆண்டானாலும் பத்து ஆண்டுகளானாலும் அது பேசாது. நம் ஊரில் பல் மருத்துவரிடம் போவதற்கு வலி ஒன்றே காரணம் என்று வைத்திருக்கிறோம். வலிக்காத ஒரு நோய்க்கு இதைவிட வசதியான இடம் உலகில் இருக்காது.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஏன் அந்த வேறுபாடு என்ற கேள்விக்கு விடை தேடியபோது, அது நம்மவர்கள் மூலமாகவே உலகத்துக்குத் தெரிந்தது என்று அறிந்தேன். அந்த விஷயத்தை இன்றும் அமைதியாகச் சொல்ல முடியவில்லை. 1970-இல் அதே லோவின் குழு இலங்கை மலைநாட்டுக்குப் போனது. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்களின் வாயை ஆராயத் தொடங்கியது. மலையகத் தமிழர்கள். திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கங்களிலிருந்து காப்பிக்கும் தேயிலைக்கும் கூட்டிச்செல்லப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்களிடம் பிரஷால் பல் துலக்கும் பழக்கம் இல்லை. பல் மருத்துவம் அவர்களை எட்டியதே இல்லை. சொத்தையும் அநேகமாக இல்லை. ஈறு நோயைத் தடுக்க எதுவும் செய்யாவிட்டால் அது தன் போக்கில் எப்படிப் போகும் என்று பார்க்க, ஆய்வாளர்களுக்கு அத்தகைய ஒரு கூட்டம் தேவைப்பட்டது. 15 ஆண்டுகள் விட்டு விட்டு வந்து அளந்தார்கள். பராமரிப்பு எட்டாத அந்த வாய்களிலிருந்து கிடைத்த அறிவைத்தான் இன்று உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். அந்த 480 பேரும் நன்றிக்கு உரியவர்கள் என்று மட்டும் சொல்லி நகர எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு ஒரு பல் மருத்துவர் இருந்திருக்க வேண்டும்.

1986-இல் வெளியான முடிவு இது. எல்லோருடைய வாயிலும் ஊத்தையும் காரையும் இருந்தன, எல்லோருக்கும் ஈறு அழற்சி இருந்தது. ஆனால் அவர்கள் மூன்றாகப் பிரிந்தார்கள். சுமார் 11 விழுக்காட்டினருக்கு நோய் அழற்சியோடு நின்றுவிட்டது, பற்கள் நிலைத்தன. சுமார் 81 விழுக்காட்டினருக்கு நிதானமாக முன்னேறியது. 45 வயதில் சராசரியாக ஏழு பற்களை இழந்தார்கள். மீதி 8 விழுக்காட்டினருக்கு நோய் பாய்ந்தது. 20 வயதைத் தாண்டியதும் பல் விழத் தொடங்கி, 40 வயதில் சராசரியாக 20 பற்கள் போய், 45 வயதில் வாய் வெறுமையாகிவிட்டது. ஒரே தோட்ட வேலை, ஒரே உணவு, ஒரே ஊத்தை. உடம்பு அதை எதிர்கொள்ளும் விதம்தான் வேறு.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அப்பா அந்த 11 பேரில் ஒருவர். அம்மா அந்த எட்டுப் பேருக்குப் பக்கத்தில். அப்படியானால் நான் யார்? கண்ணாடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. "எங்கள் தாத்தா வேப்பங்குச்சியில்தான் துலக்கினார், 90 வயதிலும் கரும்பு கடித்தார்" என்று சொல்பவர்களின் தாத்தா பொய்யில்லை; ஆனால் அந்தத் தாத்தாவின் உடம்பு நம்மிடம் இருக்கிறதா என்பது அளந்து பார்த்தால்தான் தெரியும்.

அந்த வாரமே திருச்சியில் ஓர் ஈறு நோய் நிபுணரிடம் போனேன். பெரியோடான்டிஸ்ட் என்பார்கள். ஐந்து ஆண்டு பி.டி.எஸ். படித்தபின், ஈறையும் பல்லைத் தாங்கும் எலும்பையும் பற்றியே மேலும் மூன்று ஆண்டுகள் எம்.டி.எஸ். படித்தவர்கள். என்னைவிடப் பத்து வயது இளையவராக இருந்த அந்தப் பெண் மருத்துவர், கருவியை எடுக்கும் முன் கால் மணி நேரம் கேள்வி கேட்டார். அம்மாவுக்கு எந்த வயதில் பல் போனது, சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை, வீட்டில் யாராவது புகைப்பார்களா, வெற்றிலை பாக்கு உண்டா. பிறகு மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார். "ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் அளப்பேன் அம்மா. கொஞ்சம் குத்தும். மூன்று வரை சொன்னால் நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

எனக்கு 28 பற்கள். 168 எண்கள். அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதினார். மூன்று, இரண்டு, மூன்று. இரண்டு, இரண்டு, மூன்று. முன்பக்கம் முழுவதும் அப்படியே போனபோது மூச்சு விட்டேன். பிறகு கடைவாய்ப் பக்கம் போனார். நான்கு, மூன்று, ஐந்து. ஐந்து, நான்கு, ஏழு. அந்த ஏழில் அவர் ஒரு நொடி நின்று மறுபடி அளந்தார். மறுபடி ஏழு. என் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் ஏழு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளம் இருந்திருக்கிறது. ஆண்டுதோறும் என் பற்களின் மேற்புறம் பளபளப்பாக்கப்பட்டு நான் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கிறேன். எக்ஸ்ரேயில் அந்தப் பல்லின் பக்கத்தில் எலும்பு ஆப்பு வடிவில் இறங்கியிருந்தது.

"வலிக்கவே இல்லையே டாக்டர்" என்றேன்.

"வலித்திருந்தால் ஐந்து ஆண்டு முன்பே வந்திருப்பீர்கள் அம்மா" என்றார்.

அன்றே அவர் எச்பிஏ1சி என்ற சர்க்கரைப் பரிசோதனையும் எழுதிக்கொடுத்தார். கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை அது. எனக்குச் சர்க்கரை இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். சோதித்துப் பார்த்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. முடிவு 7.4 என்று வந்தது. 6.5-ஐத் தொட்டாலே நீரிழிவு. என் நீரிழிவை முதலில் கண்டுபிடித்தது ஈறு மருத்துவர்தான். இந்த இரண்டு நோய்களும் ஒன்றையொன்று வளர்ப்பவை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு வேகமாக அழியும். ஈறில் ஓயாத அழற்சி இருந்தால் சர்க்கரை எளிதில் இறங்காது. ஈறு சிகிச்சை எடுத்துக்கொண்ட நீரிழிவு நோயாளிகளுக்கு மூன்று நான்கு மாதங்களில் அந்த எண் சராசரியாக 0.4 அளவுக்குக் குறைவதாக ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டுகின்றன. சிறிய எண்போலத் தோன்றும், ஆனால் சர்க்கரை மருத்துவர்கள் இதைச் சிறியதாக நினைப்பதில்லை. அம்மாவுக்கு 44 வயதில் நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டது. எத்தனை ஆண்டுகளாக அது உள்ளே இருந்தது, பற்களோடு சேர்ந்து என்ன செய்தது என்று இன்று நினைத்துப் பார்க்கிறேன். அம்மாவின் சர்க்கரை மருத்துவர் வாயைத் திறக்கச் சொன்னதில்லை. பல் பிடுங்கியவர்கள் சர்க்கரையைக் கேட்டதில்லை.

சிகிச்சை பயந்த அளவுக்கு இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, வாயை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஈறுக்கு அடியில் வேர் வரை உள்ள காரையைச் சுரண்டி எடுத்தார்கள். ஆழ்நிலைச் சுத்தம் என்று சொல்லலாம். இரண்டு வாரங்களில் முடிந்தது. அதன் பிறகு குளிர்ந்த தண்ணீர் கூசியது, முன்பற்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தது. "ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், இடுக்கு விழும்" என்று ஊரில் சொல்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது. காரை அடைத்துக்கொண்டிருந்த இடம் காரை போனதும் தெரிகிறது. வீங்கியிருந்த ஈறு வீக்கம் வடிந்து ஒட்டுகிறது. இடுக்கு முன்பே விழுந்துவிட்டது. அதை அடைத்திருந்த சிமென்டைத்தான் எடுத்தார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதையும் அவர்தான் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தார். பிரஷைப் பல்லின் நடுவில் அல்ல, பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து மெதுவாக அசைக்க வேண்டும். பற்களுக்கு இடையில் நுழையும் சிறு பிரஷ்கள் மருந்துக் கடைகளிலேயே கிடைக்கின்றன. இடுக்குக்கு ஏற்ற அளவைப் பார்த்து வாங்க வேண்டும். இரவு படுக்கும் முன் துலக்குவதைக் காலைக்கு மேலாகக் கருத வேண்டும். முதல் வாரம் ரத்தம் கூடுதலாகவே வந்தது. இம்முறை அந்த இடத்தை விட்டு ஓடவில்லை. பத்தாம் நாள் துப்பிய தண்ணீர் வெள்ளையாகப் போனது.

யார் எப்போது நிபுணரிடம் போக வேண்டும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எல்லா ரத்தத்துக்கும் நிபுணர் தேவையில்லை. பெரும்பாலோருக்குப் பொதுப் பல் மருத்துவர் செய்யும் ஸ்கேலிங்கும், சரியாகத் துலக்கும் இரண்டு வாரங்களும் போதும். அதற்குப் பிறகும் ரத்தம் நிற்கவில்லை என்றால், அளக்கச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து, ஆறு என்று எண் வந்தாலோ எக்ஸ்ரேயில் எலும்பு இறங்கியிருந்தாலோ நிபுணர் பார்ப்பது நல்லது. 40 வயதுக்கு முன் ஒரு பல் ஆடினாலும், நெருக்கமாக இருந்த முன்பற்கள் விலகத் தொடங்கினாலும், ஈறை அழுத்தினால் சீழ் வந்தாலும், ஈறில் திரும்பத் திரும்பக் கட்டி வைத்தாலும் காத்திருக்க வேண்டாம். பெற்றோருக்கு இளவயதிலேயே பல் போயிருந்தாலும், உங்களுக்கு நீரிழிவு இருந்தாலும், ரத்தம் வராவிட்டாலும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். புகைப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: புகை ஈறின் ரத்த நாளங்களைச் சுருக்குவதால் ரத்தம் அதிகம் கசியாது, ஈறு வெளிறிக் கெட்டியாகத் தெரியும், உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கும். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடும் சிலருக்கும், வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுபவர்களுக்கும் ஈறு தடித்து வளரலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் இரண்டு மருத்துவர்களிடமும் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அதைத் தாங்களாக நிறுத்தாமல் இரண்டு மருத்துவர்களிடமும் சொல்ல வேண்டும்.

சில விஷயங்கள் ஈறு நிபுணருக்கும் முன்னால் வேறு இடம் போக வேண்டியவை. முகம் வீங்கிக் காய்ச்சலோடு வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனால் உடனே மருத்துவமனை. வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வாயில் ஒரு புண் மூன்று வாரமாகியும் ஆறவில்லை என்றால் புற்றுநோய்க்கான பரிசோதனை. தொடாமலே ஈறில் ரத்தம் வழிந்து, உடம்பில் நீலத் திட்டுகளும் களைப்பும் சேர்ந்திருந்தால் ரத்தப் பரிசோதனை.

செலவை நினைத்துத் தள்ளிப்போடுபவர்களுக்கு ஒன்று. சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் இருக்கின்றன. பல் மருத்துவக் கல்லூரி என்றால் ஈறு நோய்க்கென்று ஒரு துறை கட்டாயம் இருக்கும். வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் அங்கே அளக்காமல் அனுப்ப மாட்டார்கள். அளப்பதுதான் அங்கே மாணவர்கள் கற்கும் முதல் பாடம்.

மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தபோது நான் கைகளை இறுக மூடிக்கொண்டு எண்களைக் கேட்டேன். ஐந்துகள் மூன்றாகியிருந்தன. ஏழு ஐந்தாகியிருந்தது. அந்த ஒரு பல்லுக்கு ஈறைத் திறந்து, கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து, ஆப்பு வடிவப் பள்ளத்தில் எலும்புத் துகள் வைத்துத் தைத்தார்கள். அதுபோன்ற குறுகிய பள்ளங்களில்தான் எலும்பு ஓரளவு திரும்ப வரும் என்றார் மருத்துவர். சர்க்கரை இப்போது 6.6. அதில் மாத்திரைக்கு எவ்வளவு, நடைக்கு எவ்வளவு, ஈறுக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார். வாழ்நாள் முழுக்க.

போன மாதம் என் தங்கையை அழைத்துக்கொண்டு போனேன். அவளுக்கு 39 வயது. "எனக்கு ஒருநாளும் ரத்தம் வந்ததில்லை அக்கா, எதற்கு வீண் செலவு" என்று வண்டியில் வரும்போதும் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் வெளியில் உட்கார்ந்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்ததால் மருத்துவரின் குரல் கேட்டது. இரண்டு, இரண்டு, மூன்று. மூன்று, இரண்டு, மூன்று. கீழ்ப்பக்கம் முழுவதும் அப்படியே முடிந்தது. மேலே வலதுபக்கக் கடைசிப் பல்லுக்குப் போனபோது குரல் நின்றது.

"மறுபடி பார்க்கிறேன், கொஞ்சம் வாயைத் திறவுங்கள் அம்மா" என்றார். பிறகு, "ஐந்து."